தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்: எப்போது ஆகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் வீடு, கடை, இ-சேவை மையம், கல்யாண ஸ்டூடியோ, மாங்கூழ் ஃபேக்டரி ஆபீஸ் என்று பல இடங்களில் டெஸ்க்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்றுதான்: "வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது." இப்படிச் சொல்பவர்களில் பலர் அதற்குள் விண்டோஸை ஒருமுறை ஃபார்மட் செய்திருப்பார்கள். சிலர் மதர்போர்டு போய்விட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புது சிஸ்டத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளின் ஃபோட்டோவும் கடையின் டேலி கணக்கும் ஃபார்மட்டில் போன பிறகும் அதே ரீஸ்டார்ட் தொடரும். அதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். காரணம் பல நேரங்களில் நூறு ரூபாய் ஜங்ஷன் பாக்ஸிலோ, ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் விலையுள்ள யுபிஎஸ் பேட்டரியிலோ இருக்கிறது.

எந்த நேரத்தில், என்ன செய்யும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்று சரியாகக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிஸ்டத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், காசு கேட்கும் வேலை பின்னால் வரும்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

முதலில் முக்கியமான ஃபைல்களை வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். அடிக்கடி திடீரென்று நின்று ஓடும் சிஸ்டத்தில் விண்டோஸும் கெடும், கணக்கு ஃபைலும் கெடும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். 'திஸ் பிசி' மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போங்கள். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதியில் 'செட்டிங்ஸ்' பட்டனை அழுத்தினால் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் தானே தவறு கண்டு நிற்பதாக இருந்தால், இனி ரீஸ்டார்ட் ஆகாமல் நீலத் திரையிலேயே நிற்கும். புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்புத் திரை. டிக்கை எடுத்த பிறகும் ஒரு எழுத்துகூடக் காட்டாமல் சட்டென்று அணைந்து திரும்ப வந்தால், கோளாறு பெரும்பாலும் கரண்ட் வரும் பாதையிலோ ஹார்டுவேரிலோ இருக்கிறது. ஃபார்மட் செய்வதா வேண்டாமா என்பதற்கு இந்த ஒரு சோதனையே ஓரளவு பதில் சொல்லிவிடும்.

அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்' பாருங்கள். ரீஸ்டார்ட் ஆன நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

41, 'கெர்னல்-பவர்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். கெர்னல் என்ற பெயரைப் பார்த்து விண்டோஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் பலரும் ஃபார்மட்டுக்குப் போகிறார்கள். போன தடவை முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே அதன் அர்த்தம். 6008-ம் அதே சங்கதிதான். 41-ஐத் திறந்து 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'பக்செக்கோட்' பாருங்கள். அது 0 என்றால் விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் அறுந்திருக்கலாம், அல்லது சிஸ்டம் அப்படியே உறைந்து போயிருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது என்று பொருள்.

1074 என்றால் ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ முறைப்படி ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் புரோகிராம் என்ற பெயரும் அதிலேயே இருக்கும். 'டபிள்யூஎச்இஏ லாகர்' என்று சிவப்பில் இருந்தால் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு போன்ற ஹார்டுவேரே புகார் சொல்கிறது.

## கரண்ட் ஏறி இறங்கும்போது, மோட்டார் போடும்போது ரீஸ்டார்ட் ஆகிறது

நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். பாலக்கோடு, காரிமங்கலம், போச்சம்பள்ளி போன்ற விவசாயப் பகுதிகளில் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடும் பம்ப்செட்டும் இருக்கும். மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும். மோட்டார் எடுக்கும் அந்த நொடியில் அது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், ஃபேன் சற்றே மெதுவாகும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ், அதாவது சிபியுவுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, கரண்ட் அறுந்தாலும் ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தாங்க வேண்டும் என்பது நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கான கணக்கு. வயதானதும் மலிவானதும் அவ்வளவு தாங்காது.

முதலில் பிளக்கையும் ஜங்ஷன் பாக்ஸையும் பாருங்கள். சிபியு, மானிட்டர், மோடம், ஸ்பீக்கர், மொபைல் சார்ஜர் எல்லாம் ஒரே பாக்ஸில் தொங்கும். சாக்கெட்டுக்குள் பித்தளைப் பல் விரிந்து, பிளக் ஆடிக்கொண்டிருக்கும். மேசையைத் தட்டினால் ரீஸ்டார்ட் ஆகிறதா? பிளக் கால் கறுத்திருக்கிறதா? தொட்டால் சூடாக இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் உள்ள சாக்கெட்டில் நேராகச் செருகி இரண்டு நாள் பாருங்கள். சிபியுவின் பின்பக்கம் செருகும் பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே கேபிள்தான், இரண்டையும் இடம் மாற்றினால் போதும், செலவில்லை.

யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுபவர்களுக்கு: வோல்டேஜை அளந்து பாருங்கள். நம் லைன் 230 வோல்ட். மல்டிமீட்டர் பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, மோட்டார் ஓடும் நேரத்தில் ஒருமுறை, ஓடாத நேரத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 180-க்குக் கீழே இறங்குகிறது என்றால் சிஸ்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, ஸ்டெபிலைசரோ யுபிஎஸ்ஸோ வேண்டும். இன்னொன்று, ஒரு ரூமில் லைட் பளீரென்று எரிந்து, மற்றொரு ரூமில் மங்கினால் அது நியூட்ரல் லூஸாக இருக்கும் அறிகுறி. அப்போது கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். வீட்டில் உள்ள எல்லாப் பொருளும் அதில் எரிந்துபோகும்.

யுபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறதா? சிபியு எந்த சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். சில யுபிஎஸ்களில் ஒரு சாக்கெட்டுக்கு பேட்டரி இணைப்பே இருக்காது, அதில் செருகினால் யுபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். அது சரியாக இருந்தால் பேட்டரியைச் சோதியுங்கள். சிஸ்டத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். ஷட்டவுன் செய்து கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யுபிஎஸ்ஸில் மாட்டி எரியவிடுங்கள். இப்போது யுபிஎஸ்ஸுக்கு வரும் சுவர் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பல்பு பத்து நிமிடமாவது எரிந்தால் பேட்டரி பரவாயில்லை. ஒரு கணம் எரிந்து அணைந்தால் பேட்டரி முடிந்தது. 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி. நம் வெயிலில் இரண்டு மூன்று வருஷம் வந்தால் நல்லது. அதை மட்டும் மாற்றினால் போதும், யுபிஎஸ்ஸையே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பழைய பேட்டரி உப்பியிருந்தால் கத்தியால் நெம்ப வேண்டாம், கடையில் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கரண்ட் போகும் அந்த நொடியில் மட்டும் சிஸ்டம் விழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ் லேபிளில் 'ஆக்டிவ் பிஎஃப்சி' என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வகையில் சில, சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் சதுர அலையோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். 'ப்யூர் சைன் வேவ்' யுபிஎஸ் போட்டால் நின்றுவிடும். வாங்குவதற்கு முன் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்துப் பாருங்கள், அது விலை கூடிய பொருள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று இரண்டு நிலை உண்டு. நார்மலில் மாறும் நேரம் அதிகம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யுபிஎஸ் நிலைக்குத் தள்ளினால் பல வீடுகளில் அதோடு பிரச்சினை முடிந்துவிடுகிறது.

## பிரிண்ட் கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறது

இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இதை நிறையப் பார்க்கிறேன். வருமானச் சான்றுக்கு அரை மணி நேரம் விவரம் பதிந்து, ஒப்புகைச் சீட்டுக்குப் பிரிண்ட் கொடுத்ததும் சிஸ்டம் விழுந்தால் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் நாள் போகிறது.

லேசர் பிரிண்டருக்குள் டோனரைத் தாளில் உருக்கி ஒட்ட ஒரு சூடேற்றும் உருளை இருக்கிறது. தாள் எடுப்பதற்கு முன் அது குப்பென்று ஆயிரம் வாட் வரை இழுக்கும். 600 விஏ யுபிஎஸ்ஸால் தர முடிந்தது ஏறக்குறைய 360 வாட் மட்டுமே. பிரிண்டரையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் யுபிஎஸ் ஒரு 'பீப்' போட்டுவிட்டுக் கையை விரித்துவிடும்.

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி, தனியாகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். பெரும்பாலும் இதுவே முடிவு. லேமினேஷன் மெஷின், ஜெராக்ஸ் மெஷின் இரண்டுக்கும் இதே விதிதான், இரண்டிலும் ஹீட்டர் இருக்கிறது. இங்க் டேங்க் பிரிண்டர் என்றால் இந்தக் காரணம் பொருந்தாது, அது இழுப்பது கொஞ்சம்தான்.

பிரித்து மாட்டியும் நிற்கவில்லை என்றால், அந்தச் சுவர் சாக்கெட்டும் யுபிஎஸ் சாக்கெட்டும் ஒரே மெல்லிய வயரில் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கடை வரிசைகளில் மீட்டரிலிருந்து கடைசிக் கடை வரை ஒரே வயர் ஓடும். பிரிண்டருக்குத் தனி வயர் இழுத்தால் தீரும். பிரிண்டர் அணைந்திருக்கும்போது பிரிண்ட் கொடுத்தும் ரீஸ்டார்ட் ஆனால் பிரிண்டர் டிரைவரை, அதாவது பிரிண்டரை விண்டோஸோடு இணைக்கும் புரோகிராமை, நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

## காலையில் நன்றாக ஓடும், மதியம் ஆனால் விழுகிறது

சூடு. ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் சிஸ்டங்களில் இது வழக்கம். சூட்டில் விழும் சிஸ்டம் பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆவதைவிட அணைந்துவிடும், உடனே ஆன் செய்தால் வராது அல்லது வந்து திரும்ப விழும், அரை மணி கழித்து ஆன் செய்தால் ஓடும். ஆன் செய்யும்போது 'சிபியு ஓவர் டெம்பரேச்சர்' அல்லது 'சிபியு ஃபேன் எரர்' என்று கறுப்புத் திரையில் வந்து எஃப்1 அழுத்தச் சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். சிபியுவை மேசையின் மூடிய அறைக்குள் வைத்திருக்கிறீர்களா? பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பக்கக் கதவைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்து ஒரு மதியம் ஓட்டுங்கள். விழாமல் ஓடினால் சூடுதான் என்று உறுதியாகிவிட்டது. ஓட்டும்போது பிராசஸர் சூட்டைக் காட்டும் இலவசப் புரோகிராம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வேலை இல்லாதபோது 40, 50 டிகிரி, நம் கோடையில் அதற்குச் சற்று மேலே இருக்கலாம். வேலை கொடுத்தால் 80 வரை பரவாயில்லை. 95-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அடுத்து தூசி. பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களின் ஆபீஸ் சிஸ்டங்களைத் திறந்தால் பிராசஸரின் மேல் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கில் கல்மாவு சிமெண்ட் பூசியது மாதிரி இறுகியிருக்கும். ராகி மில், மாவு மில் பக்கத்தில் இருப்பவையும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிபியுவை வெளியே வெட்டவெளிக்குக் கொண்டுபோய் ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். மழை ஈரத்தில் இறுகிய கல்மாவு ப்ளோயருக்குப் போகாது. ஹீட் சிங்க்கைக் கழற்றி பிரஷ் போட வேண்டும்.

கழற்றினால் பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைக்க வேண்டும். இன்டெல் பிராசஸரோடு வரும் ஃபேனில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் உண்டு. அதில் ஒன்று போர்டில் பூட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தாலே சூடு ஏறும். அமுக்கும்போது 'க்ளிக்' என்ற சத்தம் நான்கிலும் கேட்க வேண்டும், போர்டின் பின்பக்கம் பார்த்தால் நான்கு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். ஃபேன் சுற்றவில்லை அல்லது கரகரவென்று சத்தம் என்றால் புது ஃபேன் போடுங்கள். இதுவரை செய்தும் மதியம் விழுந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேனைப் பாருங்கள், அதுவும் நின்றுபோகும். அது நின்றிருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கபாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவு கரண்ட் நிற்கும்.

## எடிட்டிங், ரெண்டரிங், கேம் போட்டால் மட்டும் விழுகிறது

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ நண்பர்கள் கொண்டுவரும் கேஸ் இது. டைப்பிங், நெட் எல்லாம் நாள் முழுக்க ஓடும். ரெண்டர் கொடுத்து ஐந்து நிமிடத்தில் 'டப்' என்று அணைந்து திரும்ப வரும். முகூர்த்த மாதத்தில் இது வந்தால் அவர்கள் தூங்குவதே இல்லை.

மேலே சொன்ன சூட்டுச் சோதனையை முதலில் செய்யுங்கள், கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டையும் சேர்த்து. சூடு சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்தான் சந்தேகப் பட்டியலில் முதலில். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 120 வாட் கார்டும் 65 வாட் பிராசஸரும் ஒரே நேரத்தில் முழு வேகம் எடுத்தால் அந்த 192 அங்கேயே முடிந்தது, ஹார்ட் டிஸ்க்குக்கும் ஃபேனுக்கும் எங்கே போவது?

கார்டுக்குத் தனி பவர் வயர் போகிறதா, அது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறதா, அல்லது ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கன்வெர்ட்டர் என்றால் அதன் பிளாஸ்டிக் முனை மஞ்சளாகியோ உருகியோ இருக்கும். பிராசஸருக்குப் பக்கத்தில் செருகும் 4 அல்லது 8 பின் வயரையும் 24 பின் வயரையும் கழற்றி ஒருமுறை அழுத்திச் செருகுங்கள்.

மல்டிமீட்டர் பழகியவர்கள் சிஸ்டம் ஓடும்போது மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே பார்க்கலாம், 11.4-லிருந்து 12.6-க்குள் இருக்க வேண்டும். சிவப்பில் 4.75-லிருந்து 5.25. ரெண்டர் கொடுத்ததும் 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போனால் முடிவு தெரிந்துவிட்டது. மீட்டர் சரியாகக் காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்லிவிட முடியாது, ஒரு கணம் மட்டும் இறங்குவதை மீட்டர் பிடிக்காது. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டு ஒரு முழு ரெண்டர் ஓட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. ரெண்டர் முடிந்தால் புதிது வாங்குங்கள். இந்த ஒரு பாகத்தில் மட்டும் விலை குறைவானதைத் தேட வேண்டாம் என்று எல்லோரிடமும் கெஞ்சியே சொல்வேன். மலிவு எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியும் விழுகிறதா? கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால் அதில் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் கார்டு. கார்டு சர்வீஸ் என்பது வீட்டில் செய்யும் வேலை இல்லை, வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பில்லைத் தேடுங்கள்.

## நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது

மொபைலில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள வார்த்தைதான் முக்கியம்.

'மெமரி மேனேஜ்மென்ட்' என்றாலோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தை வந்தாலோ முதலில் ரேமைப் பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள், மற்றதைப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ஒன்றில் விழுந்து மற்றதில் விழாவிட்டால் ஆள் கிடைத்துவிட்டான். இரண்டிலும் விழுந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' விண்டோஸிலேயே இருக்கிறது, அதைவிட 'மெம்டெஸ்ட்86'-ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுவது நல்லது. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் வேண்டாம். சமீபத்தில்தான் புது ரேம் சேர்த்தீர்கள் என்றால், பழையதோடு சேராமல் இருக்கலாம், புதியதைக் கழற்றிப் பாருங்கள்.

'வீடியோ டிடிஆர்' என்று வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர், அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 'டபிள்யூஎச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்றால் சூடு, எஸ்எம்பிஎஸ், பிராசஸர் என்ற வரிசையில் போக வேண்டும். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் செட்டிங்கில், யாராவது வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் 'லோட் டீஃபால்ட்ஸ்' கொடுத்து விட்டுவிடுங்கள். 'க்ரிட்டிக்கல் ப்ராசஸ் டைடு' என்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியின் உடல்நிலையைப் பாருங்கள், பேக்அப்பை மறுபடி ஒருமுறை எடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் விண்டோஸை மறுபடி போடலாம். ஃபார்மட் என்ற பேச்சு நியாயமாக இங்கேதான் வர வேண்டும்.

## ஆன் செய்ததும், படமே வராமல், ஆன் ஆஃப் ஆன் ஆஃப்

ஃபேன் இரண்டு நொடி சுற்றி நிற்கும், திரும்பச் சுற்றும். விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முன்பக்கப் பவர் பட்டனும் ரீசெட் பட்டனும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் போர்டில் 'ரீசெட்' என்று எழுதியிருக்கும் இரண்டு பின்னில் உள்ள வயரைக் கழற்றிவிடுங்கள், ரீசெட் பட்டன் இல்லாமலே சிஸ்டம் ஓடும். அப்புறம் ரேமை, நீலத் திரைப் பகுதியில் சொன்னபடி, கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டில் உள்ள வட்ட பேட்டரியை, சிஆர் 2032, ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். தேதி நேரம் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தால் புதிதே போடுங்கள், சின்ன விலைதான்.

திறந்தது திறந்தீர்கள், டார்ச் அடித்து உள்ளே ஒரு சுற்று பாருங்கள். நம் ஊரில் போர்டின் மேல் எறும்புப் புற்றும், பின்பக்க ஓட்டைகளில் குளவிக் கூடும், எஸ்எம்பிஎஸ் வலைக்குப் பின்னால் செத்த பல்லியும் சாதாரணம். பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பின்பக்கம் காலியாக இருக்கும் கார்டு இடைவெளிகளைத் தகடு போட்டு மூடினாலே பாதிப் பூச்சி வராது. பிராசஸரைச் சுற்றி உள்ள சின்ன உருளைக் கபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் உங்கள் சோதனை அங்கே முடிந்தது, அது போர்டு சர்வீஸ்.

புது கேபினெட்டுக்கு மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில், போர்டைத் தாங்கும் ஸ்க்ரூ மேடை ஒன்று ஒட்டி ஷார்ட் ஆகிறது என்று சந்தேகப்படுங்கள்.

லோகோ வரை வந்து, புள்ளிகள் சுற்றி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் அது வேறு. லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று தடவை அணைத்தால் 'ரெக்கவரி' திரை வரும். 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் 4 அழுத்தினால் சேஃப் மோட். அதில் நிம்மதியாக ஓடினால் கடைசியாகப் போட்ட டிரைவரையோ அப்டேட்டையோ நீக்குங்கள்.

## தொட்டால், பென்டிரைவ் செருகினால் ரீஸ்டார்ட்

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருந்து கொஞ்சம் கரண்ட் எர்த் வழியாக வெளியேற வேண்டும், வழி இல்லாவிட்டால் அது தகட்டிலேயே நிற்கும். பென்டிரைவ் செருகும்போது அது போர்டு வழியாக இறங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மண் பல இடங்களில் பாறையும் சரளையும். கோடையில் எர்த் குழி காய்ந்தால் எர்த் இருந்தும் பயன் இருக்காது. குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுர்ரென்பது குறைந்தால் குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டுப் புதுப்பிக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். பிளக்கின் மூன்றாவது காலை உடைத்துவிட்டு இரண்டு காலில் ஓட்டுவது வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

சுர்ரென்று இல்லை, ஆனால் முன்பக்க யுஎஸ்பியில் செருகினால் மட்டும் விழுகிறது என்றால் அந்த ஓட்டைக்குள் தகடு வளைந்து ஒட்டுகிறது. உள்ளே போர்டிலிருந்து அதன் வயரைக் கழற்றிவிட்டுப் பின்பக்க யுஎஸ்பியைப் பயன்படுத்துங்கள்.

## மணி அடித்த மாதிரி குறிப்பிட்ட நேரத்தில்

ராத்திரி விட்டுவிட்டுப் போனால் காலையில் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, ஈவென்ட் வியூவரில் 1074 இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' செட்டிங்கில் உங்கள் வேலை நேரத்தைக் கொடுங்கள்.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைகிறது, திரையின் வலது கீழ் மூலையில் லைசென்ஸ் முடிந்தது என்று எழுத்து தெரிகிறது என்றால், யாரோ 90 நாள் சோதனைப் பதிப்பு விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முடிந்ததும் அது அப்படித்தான் செய்யும். முறையான விண்டோஸ் போட்டால் தீரும், எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

தீய்ந்த வாசனை, புகை, எஸ்எம்பிஎஸ்ஸில் 'டப்' என்ற வெடிச் சத்தம், உப்பிய கபாசிட்டர், நியூட்ரல் சந்தேகம்: இவை வந்தால் ஆன் செய்து பார்ப்பதை உடனே நிறுத்துங்கள். ரேம், எஸ்எம்பிஎஸ், சூடு மூன்றையும் தாண்டியும் விழுந்தால் மிச்சம் மதர்போர்டு அல்லது பிராசஸர், அதற்கு மாற்றிப் போட்டுப் பார்க்கப் பாகங்கள் வைத்திருக்கும் கடை வேண்டும். பிராசஸர் போவது மிக அரிது. போர்டில் சிப் அளவில் சரிசெய்யும் வேலைக்கு நம் ஊரிலிருந்து சேலத்துக்கோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ அனுப்புவார்கள். பழைய போர்டாக இருந்தால் அனுப்பும் முன் சரிசெய்யும் செலவையும் அதே வகை போர்டின் விலையையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது, எப்போது விழுகிறது என்று நீங்கள் குறித்த தாளையும் நீலத் திரை ஃபோட்டோவையும் சேர்த்துக் கொடுங்கள். "டேட்டா அழியக் கூடாது, ஃபார்மட் செய்வதற்கு முன் போன் பண்ணுங்க" என்று வாயால் சொல்லுங்கள், ஜாப் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள், புதியதன் சீரியல் நம்பர் பில்லில் இருக்கட்டும்.

"கடையில் ரெண்டு நாள் ஓட்டினோம், ஒண்ணும் ஆகலை" என்று சொல்லித் திருப்பித் தந்து, வீட்டுக்கு வந்ததும் மறுபடி விழுந்தால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அங்கே வோல்டேஜ் நன்றாக இருந்திருக்கும், எர்த் இருந்திருக்கும், உங்கள் பிரிண்டர் அங்கே இல்லை. அடுத்த தடவை சிபியுவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். விழும் நேரம் எதுவோ அந்த நேரத்துக்கு, மீட்டரோடு அவரை உங்கள் இடத்துக்கு வரச் சொல்லுங்கள். வரும் கூலி கொஞ்சம் கூடும், கொடுங்கள்.